நானூற்று இருபத்தொன்பது கோடியே சொச்சம்

எங்கள் வீட்டின் கடற்பக்கத்துச் சுவர் தகரம். தார் வந்த டிரம்களை வெட்டித் தட்டி நிமிர்த்தி அடித்தது. உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க, வருடத்துக்கு ஒருமுறை அதன்மேல் மறுபடியும் தார் பூசுவார்கள். காசிமேட்டுப் பக்கம் அப்போது பாதி வீடுகளுக்கு அப்படித்தான் சுவர். கல்லூரியில் என்னோடு படித்தவர்களிடம் அதைப் பற்றி நான் பேசியதில்லை. வெட்கம் ஒன்றும் கிடையாது. விளக்கிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. ஒரு விஷயத்தில் அது அவர்களுடைய சுண்ணாம்புச் சுவர்களைவிட ஒரு படி மேல். சாக்பீஸால் எழுதினால் கரும்பலகை போலப் பளிச்சென்று தெரியும். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தமாகப் போய்விடும். சுத்தமாகப் போய்விடும் என்பதுதான் பிறகு எனக்கு வினையாக வந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்; கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுவார். அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்றவள். நான் ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி, நல்ல பெயருள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அந்த நூறு யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை.

கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ். தாவரவியல், வேதியியல் எல்லாம் மூச்சு முட்டியது. கணக்கில் மட்டும் பயமில்லை. எண்ணுக்கு மொழி எதற்கு என்று நினைத்திருந்தேன். பி.எஸ்ஸி. கணிதம் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ய வேண்டியது நான் இல்லை என்பது பி.யூ.சி. முடிகிற சமயத்தில்தான் தெரிந்தது. கணிதத் துறையின் தலைவியாக இருந்த மேடம் ஒவ்வொரு பெண்ணையும் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"நீ தமிழ் மீடியம் இல்லையா?"

"ஆமாம் மேடம்."

"மார்க்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா மேத்ஸ் மெயின்னா அது வேற. வெறுமனே கணக்குப் போடறது இல்ல. ஹிஸ்டரி எடுத்துக்கோ. உனக்கு சுலபமா இருக்கும்."

"எனக்குக் கணக்குதான் வேணும் மேடம்."

"வேணும்னு இருந்தா போதுமாம்மா?"

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அதற்குப் பத்துப் பதில்கள் வந்தன. நல்ல நல்ல பதில்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேனோ என்றிருந்தது.

அந்த வாரத்திலேயே மேடம் வகுப்பில் ஒரு எண்ணைப் பலகையில் எழுதினார். 4294967297. எழுதிவிட்டு, "யாராவது படியுங்கள்" என்றார். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். வலப்பக்கத்திலிருந்து மூன்று, இரண்டு, இரண்டு என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டு, "நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு" என்று ஒரே மூச்சில் சொன்னேன். முன்வரிசையில் சிரிப்பு. அந்த வரிசைப் பெண்கள் எல்லாம் கான்வென்டில் படித்தவர்கள். அவர்கள் படித்திருந்தால் நாலாயிரத்துச் சொச்சம் மில்லியன் என்று சொல்லியிருப்பார்கள். சரியாகப் படித்தது நான் ஒருத்தி, சிரிப்புக்கு ஆளானதும் நான் ஒருத்தி. இன்றுவரை அந்தச் சிரிப்புக்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை. கோடியில் என்ன நகைச்சுவை?

மேடம் சிரிக்கவில்லை. எண்ணின் கதையைச் சொன்னார். இரண்டை அதனாலேயே பெருக்கினால் நான்கு. நான்கை அதனாலேயே பெருக்கினால் பதினாறு. அப்படியே இருநூற்று ஐம்பத்தாறு, பிறகு 65536. இவை ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 5, 17, 257, 65537. எல்லாமே பகா எண்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. அடுத்து வருவதுதான் பலகையில் இருப்பது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இதுவும் பகா எண்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவர் சொன்னது சரியா, தப்பா? அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை நானே சொல்றேன்" என்றார் மேடம். பிறகு என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்காகத்தான் என்று எனக்குத் தெரிகிற மாதிரி, "அதுக்குள்ள தானாவே கண்டுபிடிச்சு எங்கிட்ட கொண்டு வர்றவ எந்த மீடியம்னு நான் கேக்க மாட்டேன். மேத்ஸ் மெயின்ல எடுத்துக்கறேன்" என்றார்.

வேறு என்ன வேண்டும்? அன்று சாயந்திரமே பைக்குள் நாலு சாக்பீஸ் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. சின்னப் பகா எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. கோயில் காலண்டரின் பழைய தாள்களின் பின்பக்கத்தில் எண்களை வரிசையாக எழுதி, இரண்டின் மடங்குகளை அடித்து, மூன்றின் மடங்குகளை அடித்து, ஐந்து, ஏழு என்று அடித்துக்கொண்டே போய், தப்பிப் பிழைத்த பகா எண்களை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். பிறகு சுவருக்குப் போனேன். உச்சியில் அந்தப் பத்து இலக்கங்களைப் பெரிதாக எழுதினேன். கடைசி இலக்கம் ஏழு. ஆகவே இரண்டும் ஐந்தும் ஆகாது. இலக்கங்களைக் கூட்டினால் ஐம்பத்தொன்பது. ஆகவே மூன்றும் ஆகாது. அதுவரை வேலை சுலபம். ஏழிலிருந்து வகுத்தே தீர வேண்டும்.

வகுத்தேன். கல்லூரிக்குப் போகுமுன் வெளிச்சம் வந்ததும் வகுத்தேன். வந்ததும் வெளிச்சம் போகிறவரை வகுத்தேன். ஏழு, மீதி. பதினொன்று, மீதி. பதின்மூன்று, மீதி. ஐம்பதுகள், தொண்ணூறுகள், நூற்றுக்கு மேல், எல்லாவற்றிலும் மீதி. ஒவ்வொரு வகுத்தலும் சுவரில் ஒரு முழம் இறங்கும். முடித்து, துடைத்து, அடுத்தது. என் தாவணி முழுக்க வெள்ளைப் பொடி. நடுவில் ஒருநாள் வேறொரு கணக்கு மனசில் தட்டியது. அந்தப் பிரெஞ்சுக்காரர் சொன்னது சரி என்றால், அதை இந்த வழியில் நிரூபிக்க நான் எதுவரை வகுக்க வேண்டும்? அறுபத்தைந்தாயிரம் வரை. நான் அப்போது இருநூற்றைக்கூடத் தாண்டவில்லை. சாக்பீஸைக் கடலில் எறிந்துவிடலாம் போலிருந்தது. எறிந்தால் ஹிஸ்டரி.

சுவர் இருந்தது வழியில். கரையிலிருந்து தெருவுக்குப் போகிற எல்லாரும் அதை ஒட்டித்தான் போவார்கள். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் சொட்டுகிற மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் அந்தப் பக்கம் உரசிக்கொண்டே வருவாள்.

"ஐயே, இன்னாமே இது? லாட்டரி நம்பரா? எனக்கும் ஒண்ணு பாத்துக் குடேன்."

"அக்கா, கூடைய செவுத்துல இடிக்காத. நூத்து எழுவத்தி மூணு அழிஞ்சு பூட்ச்சு."

"ஆமா, உன் செவுருன்னு பேர் எழுதி வச்சுக்கீது."

"பேரு இன்னா, நம்பரே எழுதிக்கீது. கண்ணு தெர்ல?"

"தெரியிது தெரியிது. இத்த படிச்சு முடிச்சா உனக்கு மாப்ள வருவானா?"

"வந்தான்னா அவனையும் வகுத்துப் பாக்கறேன். நீ போக்கா."

அவள் சிரித்துக்கொண்டே போவாள். நான் அழிந்ததை மறுபடி போடுவேன்.

நைனா ஒருநாள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று வெகுநேரம் சுவரைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, ஒரே நம்பரயே எழுதி எழுதி அழிச்சுக்கினு கீற?"

"இத்த பங்கு போட முடியுமான்னு பாக்கறேன் நைனா."

"எத்தினி பேருக்கு?"

"அதான் தெர்ல. எத்தினி பேருக்குப் போட்டா மிச்சமே இல்லாம சரியா வரும்னு கண்டுபுடிக்கணும்."

"மிச்சமே இல்லாமயா?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். "இன்னா பங்கு அது? அப்பால கொழம்புக்கு?"

இதை விளக்க வேண்டும். எங்கள் கரையில் பெரிய மீன்கள் ஏலத்துக்குப் போன பிறகு மீந்த சில்லறை மீனைக் கூறு போடுவார்கள். மணலில் ஆளுக்கு ஒரு கூறு, கட்டுமரத்துக்கு ஒரு கூறு, வலைக்கு ஒரு கூறு. ஒருவர் மீனை எடுத்து ஒவ்வொரு கூறிலும் போட்டுக்கொண்டே எண்ணுவார். ஒன்று என்று சொல்ல மாட்டார். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார். எல்லாக் கூறும் சமமான பிறகு இரண்டோ மூன்றோ மீன் மிஞ்சும். அது குழம்பு மீன். அன்றைக்கு எண்ணியவர் வீட்டுக்குப் போகும். என்றைக்காவது மிச்சமே இல்லாமல் எல்லாக் கூறும் சரியாக வந்து நின்றால் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். எங்கேயோ ஒரு மீன் போயிருக்கிறது என்று அர்த்தம். காக்கா தூக்கியிருக்கும், இல்லையென்றால் நைனாவின் தம்பி, என் சித்தப்பா, அதன்மேல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. உடனே எல்லாக் கூறையும் கலைத்துக் கொட்டி முதலிலிருந்து எண்ணுவார்கள். சரியாக வந்த கூறை எங்கள் கரையில் நம்புவதே கிடையாது. நான் நடக்கப் பழகியது அந்தக் கூறுகளுக்கு நடுவில்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை சாயந்திரம் 641க்கு வந்தேன். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட எண்களைப் பார்த்து முடித்திருந்தேன். கை தானாக ஓடியது. முதலில் 4294. அதில் 641 ஆறு தடவை, மீதி 448. ஒன்பதை இறக்கினால் 4489. அதில் ஏழு தடவை, 4487 போக மீதி இரண்டு. ஆறை இறக்கினேன், இருபத்தாறு. போகாது, ஒரு சைபர். ஏழை இறக்கினேன், 267. போகாது, இன்னொரு சைபர். இரண்டை இறக்கினேன், 2672. நான்கு தடவை, மீதி 108. ஒன்பதை இறக்கினேன், 1089, ஒரு தடவை. மீதி மறுபடியும் 448. இதே 448 மேலேயும் வந்ததே என்று பார்த்துக்கொண்டே கடைசி ஏழை இறக்கினேன். 4487. அதில் ஏழு தடவை. 4487 போனால்.

ஒன்றுமில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், ஒரு நொடிகூட வரவில்லை. ஈவின் நடுவில் ஜோடியாக இரண்டு சைபர். ஒரே மீதி இரண்டு தடவை. கடைசியில் சுத்தமாக எதுவும் இல்லை. எங்கேயோ ஒரு மீன் போயிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. நூற்றுக்கு மேல் வகுத்தேன், எல்லாவற்றிலும் மிச்சம் இருந்தது, இதில் மட்டும் இல்லை என்றால் தப்பு என் கையில்தான் இருக்கும். ஈரத்துணியை எடுத்தேன். ஒரே இழுப்பு. கூறைக் கலைத்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

641இன் மடங்குகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏய், கொழாயில தண்ணி வந்துர்ச்சு. கொடத்த எடுத்துக்கினு ஓடு."

"தோ வந்துட்டேம்மா, ஒரு நிமிஷம்."

"நீ நம்பர கட்டிக்கினு அழு, தண்ணி நின்னு பூடும். ஊரே வரிசையில நிக்கிது."

மிச்ச மடங்குகளை அவசரமாக எழுதிவிட்டு ஓடினேன். குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வேறொருத்திக்கும் குடம் வைத்த இடத்துக்காகப் பெரிய சண்டை. அது முடிந்து என் முறை வருவதற்குள் பாதி இருட்டிவிட்டது. திரும்பி வந்து, எழுதி வைத்திருந்த மடங்குகளைப் பார்த்தபடியே வகுத்தேன். இந்தத் தடவை மீதி நூற்றைம்பது.

அப்பாடா என்றிருந்தது. அதுதான் எனக்கு இப்போதும் வயிற்றெரிச்சல். அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். மீதி வந்துவிட்டது, எல்லாம் சரி. துடைத்துவிட்டு 643க்குப் போனேன். பிறகு 647. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இருட்டுகிறவரை நின்றபடியே வகுத்தேன். எழுநூறைக்கூடத் தாண்ட முடியவில்லை. திங்கட்கிழமை கல்லூரிக்குக் கையை வீசிக்கொண்டுதான் போனேன்.

மேடம் வந்ததும், "யாராவது?" என்றார்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். நான் கோடியென்று படித்தபோது முதலில் சிரித்தவள் அவள்தான். "அது பகா எண் இல்லை மேடம். 641ஆல் வகுபடும்."

முதல் தடவை நான் போட்டது சரி; தப்பு, குழாயடிக்கு ஓடுகிற அவசரத்தில் எழுதிய மடங்குகளில்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அண்ணா சொன்னான் மேடம். இன்ஜினியரிங் படிக்கிறான். ஏதோ புக்ல இருக்காம்."

"மறைக்காம சொன்னே. உட்காரு" என்றார் மேடம். பிறகு பலகையில் எழுதினார். 641 என்பது ஐந்தை 128ஆல் பெருக்கி ஒன்று சேர்த்தது. அதே 641, ஐந்தின் நான்காம் படியையும் இரண்டின் நான்காம் படியையும் கூட்டினாலும் வரும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று வரி. மூன்றே வரியில், அந்தப் பெரிய எண்ணை 641 மீதியில்லாமல் வகுக்கும் என்று காட்டிவிட்டார். ஒரு இடத்தில்கூட வகுக்கவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அழகு பிடிக்கவில்லை. இரண்டு வாரமாகத் தார்ச் சுவரில் தாவணி தேய நின்றவளுக்கு அந்த மூன்று வரி யாரோ கன்னத்தில் தட்டிவிட்டுப் போனது போலிருந்தது.

இரண்டு சைபர் மட்டும் கண்ணுக்குள் நின்றது. நான் சந்தேகப்பட்ட அந்த ஜோடிச் சைபர். அதற்கு முன்னால் ஆறு, ஏழு. பின்னால் நான்கு, ஒன்று, ஏழு. எழுந்து நின்றேன். இங்கிலீஷில் சொல்லத்தான் வாயெடுத்தேன், தமிழில்தான் வந்தது.

"மேடம், அதோட ஈவு அறுபத்தேழு லட்சத்து நானூற்றுப் பதினேழு."

மறுபடியும் சிரிப்பு. மேடம் திரும்பிப் பார்த்தார். பலகையில் ஈவு எங்கும் இல்லை. அந்த மூன்று வரிக்கு அது தேவைப்படவில்லை. முன்வரிசைப் பெண்ணிடம், "உன் அண்ணா இதைச் சொன்னானா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். மேடம் சாக்பீஸை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வகுக்க ஆரம்பித்தார். எங்கள் சுவரில் வந்த எல்லாம் வரிசையாக இறங்கி வந்தன. 448. இரண்டு. சைபர், சைபர். மறுபடியும் 448. கடைசியில் 4487. சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"எப்போ போட்டே இதை?"

"வியாழக்கிழமை மேடம்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட கொண்டு வரலை?"

"அழிச்சிட்டேன் மேடம்."

"ஏன்?"

"மீதி வரலை மேடம். அதான்."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. மேடம் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மணியடித்ததும் அறைக்கு வரச் சொன்னார்.

அறையில் நின்றுகொண்டு கூறு போடுவதிலிருந்து குழாயடிவரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருந்தது. எண்ணைப் பற்றிப் பேச வந்தவள் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"கூறு சரியா வந்தா ஒரு தடவைகூட நம்ப மாட்டாங்களா?"

"மாட்டாங்க மேடம்."

"நிஜமாவே சரியா வந்திருந்தா?"

"வராது மேடம். காக்கா இருக்கு. சித்தப்பா இருக்காரு."

அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பயம் போகவில்லை. சிரித்துவிட்டு ஹிஸ்டரி என்று சொல்லிவிட்டால்? அதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்.

"மேடம், அந்த மூணு வரி 641 தெரிஞ்ச பிறகுதானே? எத்தனையோ எண் இருக்கும்போது, 641ஐப் போய்ப் பார்க்கணும்னு முதல்ல கண்டுபிடிச்சவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் பேனாவை மூடினார். "அது மூணாவது வருஷத்துல வரும்."

"எனக்கு அந்த மூணாவது வருஷம் வருமா மேடம்?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு துடுக்காகக் கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. அவர் ஒரு தாளில் 6700417 என்று எழுதி என் பக்கம் தள்ளினார். "உன்னோட ஈவு. இது பகா எண்ணா இல்லையான்னு பார்த்துட்டு ஜூன்ல வா." ஜூனில்தான் பி.எஸ்ஸி. வகுப்புகள் தொடங்கும்.

"இனிமே பூச்சியம் வந்தா அழிக்காதே" என்றும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்தவுடன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நேராக நைனாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து வலையில் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தார்.

"உன்னாலதான் நைனா. விடை வந்துச்சு, நான் அழிச்சுட்டேன்."

"நான் இன்னா பண்ணேன்? நான் செவுத்தாண்டகூட வர்ல."

"மிச்சம் வராட்டி கலச்சிக் கொட்டிட்டு எண்ணுன்னு நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லித்தான்."

"அது மீனுக்கு பாப்பா. உன் நம்பர காக்கா தூக்குமா?"

பையை அவர் பக்கத்தில் வீசினேன். "சரி, சீட்டு கெடச்சுதா இல்லியா?" என்றார். கிடைத்துவிட்டது என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார். "அப்ப இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சுக்கினு கீற?" என்றார்.

அவருக்கு எப்படிச் சொல்வது? சீட்டு கிடைத்தது சரி. கண்டுபிடித்தவளாகப் போய் அதை வாங்கியிருக்க வேண்டும். கண்டுபிடித்துத் தொலைத்தவளாகப் போய் வாங்கினேன்.

கோடை விடுமுறை முழுவதும் 6700417. ஒரே ஆறுதல், பழைய வேலை வீண் போகவில்லை என்பது. 641க்குக் கீழே எதுவும் பெரிய எண்ணை வகுக்கவில்லை என்றால், அதன் பங்கான இதையும் வகுக்க முடியாது. ஆகவே 641லிருந்து தொடங்கி இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரை போனால் போதும். போதும் என்று எழுதச் சுலபமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் மத்தியான நேரம் தார் இளகிவிடும். சாக்பீஸ் எழுதாது, அப்பிக்கொள்ளும். எழுதினது அழியவும் அழியாது. பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாமே, இது புது நம்பரா? பழசுல பரிசு வுழலயா?" என்று கேட்டுவிட்டுக் கூடையோடு உரசிக்கொண்டு போனாள். முழுக்கை ரவிக்கையில் தார்க்கறை பட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் மீதி. மீதி, மீதி, மீதி. இந்தத் தடவை பூச்சியம் வந்தால் அதைச் சுவரோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போயிருப்பேன். வரவே இல்லை.

ஜூனில் போய், "பகா எண்தான் மேடம்" என்றேன்.

"ஆமாம்" என்றார் மேடம். அவ்வளவுதான். அவருக்கு முன்பே தெரியும்.

மூன்றாவது வருஷம் வந்தது. ஒருநாள் மேடம் பலகையில் அதே பத்து இலக்கங்களை எழுதினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த எண்ணை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும், 64ஆல் வகுத்தால் மீதி ஒன்று தருவதாகத்தான் இருக்க வேண்டும் என்று நிரூபித்தார். மற்றதையெல்லாம் தொடவே வேண்டாம். "அப்படின்னா எதை எதைப் பார்க்கணும்?" என்று கேட்டார். முன்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். 193. 257. 449. 577. ஐந்தாவது 641.

ஐந்து. ஐந்தே ஐந்து வகுத்தல். ஒரு சாயந்திரத்தில், குழாயில் தண்ணீர் வருவதற்குள் முடிந்திருக்கும். ஏழு, பதினொன்று, அந்த 173, அக்கா கூடையால் அழித்து நான் மறுபடி போட்ட 173, எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை. கோடை முழுக்கத் தாரில் அப்பிய எண்களிலும் அநேகமாக எல்லாமே தேவையில்லாதவை. நிரூபணத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்தது. மேடம் என் பக்கம் பார்த்து, "நீ கேட்டியே, அது இதுதான்" என்றார். நான் தலையாட்டினேன். நன்றி சொல்ல வேண்டிய இடம் என்று தெரியும். நோட்டை மூடினேன்.

சாயந்திரம் நைனாவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"அந்த 641 கீதே நைனா, அத்த அறுவத்தி நாலு கூறா போட்டா மிச்சம் ஒண்ணு வரும். அப்படி வர்ற நம்பர மட்டும் பாத்தா போதுமாம். நான் வேலைமெனக்கெட்டு எல்லாத்தையும் பாத்துக்கினு இருந்தேன்."

அவர் வலையிலிருந்து நிமிர்ந்தார். நான் பட்ட பாடு எதுவும் அவர் காதில் விழவில்லை. "மிச்சம் ஒண்ணு வருதா?" என்றார்.

"வருது."

"அதானே பாத்தேன். கொழம்புக்கு இல்லாம எப்டி?" என்று சொல்லிவிட்டு, ரொம்ப நாள் கழித்து ஒரு கணக்கு நேரான மாதிரி, பொத்தலைத் தைக்கப் போய்விட்டார். அவருக்கு ஏக திருப்தி. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.